நிறைபாரம்

வெள்ளிக்கிழமைகளில்தான் எரிகிறது என்றான் ஜும்பெர்.
பேட்டரி விளக்குக்குக் கிழமை தெரியாது என்றேன்.
"அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

மூன்று முறை என் ஷெட்டுக்கு வந்தது அந்த மார்ஷ்ருட்கா வேன்.
மூன்று முறையும்
ஒன்றும் அறியாத முகம்.
இன்ஜின் அணைந்திருக்கையில் பன்னிரண்டு புள்ளி ஆறு,
ஓடுகையில் பதினான்கு புள்ளி இரண்டு.
பெல்ட்டை அழுத்தினேன், ஆல்டர்னேட்டரைத் தட்டினேன்,
ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன்,
ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் போட்டு
சுக்திதி நகரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
எரியவில்லை.
போன டிசம்பரில் வேறொருவன்
புது பேட்டரி விற்றிருக்கிறான்.
அவனைக் குறை சொல்லமாட்டேன்.
தெரியாதபோது எதையாவது மாற்றத்தான் கை போகிறது.

ஜும்பெர் செய்த வைத்தியம் வேறு:
விளக்கின்மேல் புனித கியோர்கியின் சிறு படம்.
"எரிந்தால் அவர் தலைக்குப் பின்னால் சிவக்கும்.
சவாரிக்காரர்கள் பயப்படமாட்டார்கள்."

கடைசியில் ஒரு வெள்ளியன்று
டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினேன், மெஸ்தியாவுக்கு.
பேட்டரியின் கழித்தல் முனையிலிருந்து ஒரு நீள ஒயர்,
இன்ஜின் உடம்பிலிருந்து ஒரு நீள ஒயர்,
இரண்டும் பானெட் இடுக்கில் நுழைந்து, சன்னல் ஏறி
என் மடியிலிருந்த மீட்டருக்கு.
இரண்டுக்கும் பெயர் எர்த்துதான்.
எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே
ஒன்றும் இருக்கக் கூடாது.

பதினேழு பேர். மாவு மூட்டை பன்னிரண்டு.
ஒரு வாஷிங் மெஷின்.
எதெரி டீச்சரின் கோட்டுக்குள் உயிரோடு ஒரு வான்கோழி.
என் ஒயரைக் கண்டதும் வண்டி முழுக்க மெக்கானிக்குகள்.
டயோடு என்றார் முர்தாஸ்.
ஈரம் என்றாள் லாமரா.
"இவன் என் மச்சானுக்குக் கடன் பாக்கி, அதுதான்"
என்றது பின்சீட்டு.

அணையைத் தாண்டினோம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
சுரங்கம். அதே.
ஏற்றம், இரண்டாம் கியர்,
இடப்பக்க வளைவில் பதினேழு பேரும் வலப்பக்கம் சாய

கியோர்கியின் தலைக்குப் பின்னால் விடிந்தது.

மடியில் எண் தாவியது: ஒன்று புள்ளி ஏழு.
நிறுத்து என்றேன். நின்றதும்
மறுபடி பூஜ்யம், சாது.

வெறும் வண்டிக்கு மூச்சு வாங்காது.
பாரம் இழுத்து மேடேறும் இன்ஜின்தான்
இருந்த இடத்தில் ஒருக்களித்துப் படுக்கும்.
படுக்கையில் எதையோ இழுக்கிறது.

சகதியில் முதுகைப் போட்டு உள்ளே நுழைந்தேன்.
இன்ஜினையும் சட்டத்தையும் கட்டியிருந்த
எர்த்துப் பட்டை. உறை முழுசாக, கறுப்பாக, கௌரவமாக.
கீறினேன். உள்ளே செம்பு பச்சைப் பொடி.
நாலே நாலு இழை
பதினேழு பேரையும் வாஷிங் மெஷினையும்
இத்தனை நாள் சுமந்திருக்கிறது.

லாமரா டார்ச் பிடித்தாள்.
முர்தாஸ் டயோடு பற்றி எதுவும் பேசவில்லை.
துருவைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும்
புதுப் பட்டையை முறுக்கினேன்.
டீச்சர் கைகொடுக்கக் குனிந்ததில்
வான்கோழி பாதி மலை ஏறிவிட்டது.
அதைப் பிடிக்கத்தான் நேரமானது.

மறுநாள் காலி வண்டியில் இறங்கி வந்தோம்.
ஜும்பெர் படத்தைப் பிய்த்துக் கண்ணாடிக்கு மாற்றினான்.
"பார், எரியவில்லை!"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காலி வண்டியில் அது என்றைக்கு எரிந்தது,
இன்றைக்கு எரியாததைக் கொண்டாட?

அடுத்த வெள்ளி மறுபடி டிக்கெட்.
மெஸ்தியாவில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள் மனைவி.
மெஸ்தியாவில் யாருமில்லை, போகிற வழியில் ஒரு வளைவு என்றேன்.
நம்பவில்லை.

அதே சனம், வேறு மூட்டைகள்.
என் காலடியில் யாருடையதோ உருளைக்கிழங்கு.
அந்த இடம் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது.
டாஷ்போர்டின் அந்த வெற்று மூலையை
எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.
வளைவு வந்தது.
சாய்ந்தார்கள்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.