அஃறிணை

சலவை அறைக்கு அடுத்த அறை எங்களுக்கு,
வியாழக்கிழமைகளில், ஆறு மணிக்கு மேல்.
சுவருக்கு அப்பால் யாருடைய போர்வையோ சுழன்றுகொண்டிருக்கும்.
ஓய்வா அட்டைத் தடுப்பை நிமிர்த்தி வைப்பான்.
அதற்குப் பின்னால் இருப்பது நோய்.

எனக்குக் கடி விழுந்தது மூன்றாம் அமர்வில்.
இருபது முகப் பகடை இரண்டு என்று படுத்தது.
கணுக்காலில் சின்னப் பல் தடம்.
முள்வேலி கீறிவிட்டது என்றேன் மற்றவர்களிடம்.

என் ஆள் பெயர் லெம்பி. வயது நாற்பத்தொன்று. படகு எந்திரம் பழுது பார்ப்பவர்.
'பொய் சொல்ல வராது' என்று
தாளில் நானே எழுதி வைத்திருந்தேன்.
முதலில் அழித்த வரி அதுதான்.

விதி அப்படி.
கிருமி ஒன்று கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.
இருட்டில் கண் தெரிய வேண்டுமா, நீச்சலை அழி.
சுவரேறும் நகம் வேண்டுமா,
தங்கையின் பெயரை அழி.
பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று
முதல் நாளே ஓய்வா ஏன் அடம்பிடித்தான் என்பது
நகம் முளைத்த அன்றுதான் உறைத்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது.
பகலில் நான் டிராம் ஓட்டுகிறவள்.
தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கேதான் போக முடியும்.
கதவு திற. கதவு மூடு. மணி அடி.
வியாழன் இரவில் எனக்குக் கைக்கு ஆறு விரல்,
முதுகுத் தோலுக்கடியில் எதுவோ புரண்டு படுக்கும்.
பூட்டோடு யல்மாரி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது
கீலோடு கதவைப் பிய்த்து வைத்தேன்.
"பகடை இன்று உன் பக்கம்" என்றான், பாவம்.
துண்டுச் சீட்டை மடித்துத் தடுப்புக்கடியில் தள்ளுவேன்:
பசிக்கிறது.
எல்லாரும் கருப்புத் தொத்திறைச்சியை
லிங்கன்பெர்ரி ஜாமில் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள்.
பன்றி இரத்தம்தான். தாம்பெரேயில் அதை யாரும் நோய் என்பதில்லை.

எங்கள் பேச்சில் மனிதரெல்லாம் 'அது'.
அது வந்தது, அது கடன் வாங்கிப் போனது,
அது என்னைக் கல்யாணம் செய்து, பிறகு போனது.
நாய்க்கும் பூனைக்கும் மட்டும் செல்லமாக 'அவர்'.
கதை சொல்லும்போது மட்டும்
ஓய்வாவுக்கு ஏட்டு மொழி வந்துவிடும்.
லெம்பி விளக்கை ஏற்றினார்.
அவர் படியிறங்கினார்.
ஆறு வாரமாகக் கேட்டுக் கேட்டு
அந்த 'ஆர்' எனக்குக் கம்பளிச் சட்டை மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பதாம் அமர்வு, சுரங்க வாசல்.
நான் பகடையைத் தொடக்கூட இல்லை.
அவன் சொன்னான்:
"கதவுக்கு வெளியே அது நின்றது."

சலவை எந்திரம் எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை.
தாளில் மிச்சம் ஒரே வரி, பெயர்.
அதன் கீழே அழித்து அழித்து நைந்து
ஒரு ஓட்டை,
ஓட்டையில் மேசையின் மரம்.

ஹென்னா-ரீக்கா தலை நிமிராமல் சொன்னாள்:
"உன் உணவுப் பொட்டலம் மூன்று வாரமாகக் குறையவே இல்லை.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்."
அவளுடைய மருத்துவரிடம் ஒரு தோட்டா பாக்கி.
யல்மாரி என்னைப் பார்த்தான், தன் பிய்ந்த கதவை நினைத்திருப்பான்.
அவள் பகடையை உருட்டினாள்.
அது மேசை தாண்டி, தரை தாண்டி,
வெப்பக் குழாய்க்கு அடியில் போய்ப் படுத்தது.

யாரும் குனியவில்லை.

"வெளியே அவருக்குக் குளிருமே," என்றாள் ஹென்னா-ரீக்கா,
"உள்ளே விடு."
ஏட்டில் எழுதுகிற அவரா,
நாயைக் கொஞ்சுகிற அவரா,
நான் கேட்கவில்லை.
ஓய்வா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
காப்பி வைக்கப் போனான்.

மறுநாள் காலை முதல் டிராம்.
ஹெர்வன்டா நிறுத்தத்தில் பனி முழங்காலுக்கு.
கதவைத் திறந்தேன்.
நாய் ஏறி, ஈரம் உதறி, சன்னலோரம் உட்கார்ந்தார்.
கூட வந்த ஆள் நின்றுகொண்டது.