இன்னும் இரண்டு நாள்

கணக்குப்படி வெள்ளிக்கிழமை.
கொட்டில் சுவரில் தாள் ஒட்டி
நீலப் பேனாவால் எழுதியிருந்தான் ஹால்பியோர்ன்:
கடா சேர்ந்த தேதி, கூட்டிய நாட்கள், கோடு, விடை.
என் புருஷனின் கூட்டல் தப்புவதில்லை.
யாரும் அதைக் கோல்சாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று புதன். இரவு இரண்டே கால்.
இரவு என்பது பேச்சுக்கு.
மே மாதத்தில் ஐஸ்லாந்தின் வடகரையில்
பகல் கொஞ்சம் வெளுத்துப்போகும், மறுபடி நிறம் ஏறும்.
ஜன்னலில், மலைகளுக்கிடையே நுழைந்த கடல்
கழுவாத அலுமினியத் தட்டாகக் கிடந்தது.

சாயங்காலம் உலர்புல் உதறியபோதே தெரிந்துவிட்டது.
அறுபது தலைகள் ஒரே மூச்சில் தொட்டிக்குள் விழ
நடுவில் ஓர் ஓட்டை.
பல் போன இடத்துக்கே நாக்கு போகுமே,
அப்படிப் போனது என் கண்.
மூலையில், சுவரைப் பார்த்தபடி, கோல்சா.
காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை.
எதற்காக இந்த அறைக்கு வந்தோம் என்று
யோசிப்பவள் மாதிரி நின்றாள்.

மடியை நான் நம்புவதில்லை.
மடி பத்து நாளாய்க் கனத்துத்தான் இருந்தது,
காம்பில் மெழுகுப் பளபளப்பு.
சில பெட்டைகள் அதைக் காட்டியே
வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.
நான் கை வைப்பது வாலின் இருபுறமும்.
முந்தாநாள் அங்கே முறுக்கிய கயிறாய் இரண்டு தசைநார்.
இப்போது தேடினால் இல்லை.
பாலில் ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல்
விரல் போனது.
விலாவுக்குப் பின்னே குழி விழுந்து
வயிறு ஒரு படி கீழே இறங்கியிருந்தது.

“வெள்ளி என்றல்லவா போட்டிருக்கிறது,” என்றான் போகுமில்.
மீன் தொழிற்சாலைக்கு வந்த போலந்துக்காரன்,
ஈற்றுக் காலத்தில் மட்டும் எங்களிடம்.
கோல்சா முன்காலால் தரையைப் பிறாண்டினாள்,
படுத்தாள், எழுந்தாள்,
முகர்ந்துவிட்டு அதே இடத்தை மறுபடி பிறாண்டினாள்.
வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு அவன் சொன்னான்:
“என் மனைவி கரண்டிகளை அடுக்கினாள்.
ராத்திரி முழுக்க. பெரியது, சின்னது,
எல்லாவற்றையும் கலைத்து மறுபடி.
எனக்குப் புரியவில்லை. தூங்கிவிட்டேன்.”
நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினேன்.
அதற்கு வேறென்ன செய்ய?

மூன்று மணிக்கு ஃப்ளெக்கா ஈன்றாள்,
அலட்டிக்கொள்ளாமல், ஒன்று, பின்னாலேயே இன்னொன்று.
இரண்டாவதை நக்க அவள் திரும்பிய இடைவெளியில்
முதலாவதைக் கோல்சா எடுத்துக்கொண்டாள்.
ஈரம் போக நக்கினாள். வாலடியை முகர்ந்தாள்.
அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு.
வருஷம் முழுக்க மடித்து வைத்திருந்து
குட்டிக்கென்று மட்டுமே ஆடு எடுக்கும் குரல் அது.

“திருடி,” என்று சிரித்தான் போகுமில்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
உடம்பு முந்திவிட்டது, குட்டி இன்னும் வரவில்லை.
நடுவில் அவள்,
நாக்கு முழுக்கத் தாயாகி.
பிடுங்கி ஃப்ளெக்காவிடம் விட்டபோது
என் முழங்கையில் முட்டினாள்.
இன்னும் வலிக்கிறது.

அப்புறம் எல்லாம் சீக்கிரம்.
படுத்து, மூக்கை உத்தரத்துக்குத் தூக்கி,
மேலுதட்டைச் சுருட்டினாள்.
பனிக்குடம் தேன்நிறத்தில் தொங்கி உடைந்தது.
இரண்டு வெளிர்க் குளம்புகள், அவற்றின்மேல் ஒரு மூக்கு.
போகுமில் மண்டியிட்டிருந்தான்,
நான் சொல்லாமலே கையை மடியில் வைத்துக்கொண்டு.
தலை வந்தது. மற்றது வழுக்கிக்கொண்டு தானாக வந்தது.
தும்மியது.

ஃப்ளெக்காவின் மூத்தது வழிதவறித் தள்ளாடி வர,
அரைமணி முன்பு நக்கித் தீர்த்த அதைக்
கோல்சா தலையால் இடித்துத் தள்ளினாள்.
யார் நீ?

வெள்ளியை நான் அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால், சின்னதாக:
புதன், 3.50, கிடாய்.

போகுமில் வெளியே போனான், கையில் போன்.
அவன் ஊரில் ஆறு மணி ஆகப்போகிறது.
கதவிடுக்கில் முதுகு மட்டும் தெரிந்தது.
பேசவில்லை.
அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது போல.