நாற்பத்தொன்றாவது ஆள்

அதிகாலை நாலரைக்கு
கிளாஸ்கோவின் புக்கானன் தெருவில்
மழை பெய்யவில்லை,
குடியிருந்தது.

எனக்கு முன்னால் நாற்பது முதுகுகள்.
நாற்பதாவது முதுகின் பெயர் ஸ்ட்ரூவன்.
மடக்கு நாற்காலி, ஃப்ளாஸ்க்,
கால்களுக்குக் குப்பைப் பை.
"போன வருஷம் எனக்கு முன்னால் மூணே பேர்,"
டெபாசிட் இழந்தவன் குரலில் சொன்னான்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை முடித்து நேராக வந்தவள்.
பையில் பழைய போன்,
கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல்.
அதன் வழியாகத்தான் மூன்று வருஷமாக
எல்லா முகங்களும்.
தங்கை இஷ்பெல்லுக்கு எப்போதும்
நெற்றியில் ஒரு தழும்பு.

இன்று பத்து மணிக்கு
தூரத்துத் தீவில் அவளுக்கு ஓட்டுநர் தேர்வு.
நாலாவது முறை.
முடிந்ததும் கூப்பிடுவாள்.

ஏழு மணிக்கு ஒரு வேன் வந்தது.
வரிசையே எழுந்து நின்றது.
இறங்கியவை
பக்கத்துக் கடைக்கான கார்னேஷன் பூக்கள்.

எட்டுக்குக் கதவு திறந்தது.
நீலச் சட்டைக்காரர்கள்
மலையேறித் திரும்பியவர்களை வரவேற்பதுபோலக்
கைதட்டினார்கள்.
நாற்பத்தொன்றாவது ஆளுக்குள்
அவர்களுக்குக் கை வலித்திருந்தது.

"பச்சை," என்றேன்.
கடைசிப் பச்சையை ஸ்ட்ரூவன்
பெட்டியோடு தூக்கிப் பிடித்து
படம் எடுத்துக்கொண்டிருந்தான்.
இலவு காத்த கிளிக்குப்
பஞ்சுதான் கிடைக்காமல் போனது.
எனக்குக் கிளியே கிடைக்கவில்லை.
"கறுப்பு இருக்கிறது," என்றான் விற்பனைப் பையன் லாக்லன்.
கறுப்பு எப்போதும் இருக்கும்.

பழையதை வாங்கிக்கொண்டான்.
எண்பது பவுண்டு கழிவு.
"அழித்துவிடலாமா?"
தலையாட்டினேன்.
நாலு விநாடி ஆயிற்று.

புதியது விழித்து
பதினேழு மொழிகளில் வணக்கம் சொல்லி
ஒரு வட்டத்தைச் சுழலவிட்டது.
சுழன்றது.
"ஊரே ஒரே நேரத்தில் கேட்கிறதே, செர்வர்…"
லாக்லன் கையை மேலே காட்டினான்.
மேலே மழைதான் இருந்தது.

பத்து.
பதினொன்று.
குதிரைமேல் அமர்ந்த டியூக்கின் சிலைக்கடியில் நின்றேன்,
அவர் தலையில் வழக்கம்போல்
யாரோ கவிழ்த்த போக்குவரத்துக் கூம்பு.
தள்ளுவண்டிக்காரி ஒருத்தியிடம் மணி கேட்டேன்,
பாதி மாதச் சம்பளம்
சட்டைப்பையில் சுழன்றுகொண்டிருக்க.

ஸ்ட்ரூவனின் பச்சையும் சுழன்றுகொண்டுதான் இருந்தது.
ஆனால் அவன் பழையதைக் கொடுக்கவில்லை.
"அனுபவம்," என்று நீட்டினான்.
வாங்கிய பிறகுதான் தெரிந்தது
இஷ்பெல்லின் எண் எனக்குத் தெரியாது.
கடைசி மூன்று இலக்கம் தெரியும்.
எழுநூற்று நாலு.
மீதியை எந்நாளும் போன்தான் வைத்திருந்தது.

மனப்பாடமாய் இருந்த ஒரே எண் என்னுடையது.
எனக்கு நானே அழைத்தேன்.
நான் எடுக்கவில்லை.
"குரலஞ்சலுக்கு நாலு சைபர் போட்டுப் பார்," என்றான்.
போட்டேன்.

"எங்கே தொலைஞ்சே நீ?
ஒன்பது தடவை கூப்பிட்டாச்சு.
போச்சு, இதுவும் போச்சு.
ஓரத்துல செம்மறியாடு ஒண்ணு சும்மாதான் நின்னுது,
நானா பயந்து நடுரோட்டுல நிறுத்திட்டேன்.
சிரிக்காதே.
சிரிச்சா வச்சிடுவேன்."
கொஞ்ச நேரம் காற்று.
பிறகு அவளே சிரித்தாள்.

தெருவில் நின்று
மூன்று முறை கேட்டேன்.
ஸ்ட்ரூவன் ஃப்ளாஸ்க் மூடியில்
ஆறிய தேநீர் ஊற்றி வைத்தான்.

இரண்டேகாலுக்கு வட்டம் நின்றது.
படங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
இஷ்பெல் வந்தாள்,
நெற்றி பளிங்குபோல.
யாரோபோல் இருந்தாள்.
கட்டைவிரலால் தழும்பு இருந்த இடத்தைத்
தடவிப் பார்த்தேன்.
படம் பெரிதாயிற்று.