ஆயிரத்தெட்டு

வேறெதையோ தேடித்தான் பில்லைத் திறந்தேன்.
நாலாம் பக்கத்தில்,
வரிக்கு வரி வரி போட்டிருந்த தாளில்,
கருவி வாடகை, பதினான்கு டாலர்.

எழுபத்திரண்டு மாதமாய் இந்த வூஸ்டரில்.
எழுதியபடி வாசித்தால் யாருக்கும் புரியாத ஊர்.
வந்த புதிதில் வார்செஸ்டர் என்று சொல்லி
பஸ் டிரைவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.
மளிகைக் கூப்பனின் பின்புறத்தில்
பென்சிலால் பெருக்கினேன்.
நம்பாமல் இன்னொரு முறை.
ஆயிரத்தெட்டு.

கோயிலாய் இருந்தால் அத்தனை சங்கு அடுக்கி
அபிஷேகமே முடிந்திருக்கும்.
இங்கே டிவி மேசையின் கீழ்த்தட்டில்
ஒரு கறுப்புப் பெட்டி
கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"விடு, மாசம் பதினாலுதானே" என்றான் இளஞ்செழியன்.
நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவனிடம்
பெருக்கல் பேசக்கூடாது.

சொந்த மோடம் எண்பத்தொன்பது.
ஏழாம் மாதம் போட்ட காசு திரும்பிவிடும்.
கம்பெனி ஏற்கும் மாடல்களை
ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
எண் பொருந்த வேண்டும், வேகம் பொருந்த வேண்டும்,
பழையது என்றால்
முந்தைய வீட்டுக் கடன் அதன் தலையில் இருக்கக்கூடாது.
புதிதே வாங்கினேன்.

கேபிளைத் திருகியதில் விரல்நுனி சிவந்தது.
போனில் நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு டெலோரஸ் என்று ஒரு பெண்.
அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையெல்லாம் வாசிக்கச் சொன்னாள்.
"பி" என்றேன்.
"பியா, பியா?" என்றாள்.
எனக்கு இரண்டும் ஒன்றாய்த்தான் கேட்டது.
எங்கள் ஊரில் ஒரே ப-வை வைத்து
எல்லாக் காரியமும் நடந்துவிடும்.
"பாய்" என்றேன்.

எல்லா எழுத்தும் ஒப்பித்து முடித்தபின் கேட்டாள்,
"கணக்கு யார் பேரில்?"
கணவர் பேரில்.
"அவரோடு பேச முடியுமா?"

எழுப்பினேன்.
போர்வைக்குள்ளிருந்தே "யெஸ்" என்றான்,
இன்னொரு "யெஸ்",
திரும்பிப் படுத்துக்கொண்டான்.
கணக்குப் போட்டது நான், வாங்கியது நான், திருகியது நான்.
அந்த யெஸ் மட்டும் என் கைவசம் இல்லை.

"அப்படியே என் பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
பூங்கோதை.
முதல் எழுத்து பி.
இல்லை, அந்தப் பி இல்லை, இந்தப் பி."

அவள் தட்டச்சும் சத்தம் கேட்டது.
நாலு விளக்கும் ஒவ்வொன்றாய் நிலைத்தன.

பழையதைப் பையில் போட்டுக்கொண்டு
பனியில் நடந்தேன்,
மெத்தைக் கடைக்கும் நகம் திருத்தும் கடைக்கும்
நடுவிலிருக்கும் கவுன்ட்டருக்கு.
பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
மேற்புறம் ஒரு வெள்ளை வட்டம்.
"பெயிண்டா?"

இட்லி மாவு.
ஆறு குளிர்காலம்
ராத்திரி பத்து மணிக்கு அதன் முதுகில்
சட்டியை ஏற்றிவிட்டுத்தான் படுப்பேன்.
வெளியே மைனஸ் பதினைந்து.
காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு.
பின்னால் ஐந்து பேர் வரிசையில்.
எங்கிருந்து ஆரம்பிப்பது?
"பெயிண்ட்" என்றேன்.

ரசீதை நீட்டி, சிரிக்காமல் சொன்னான்,
"இதைத் தொலைத்துவிடாதீர்கள்."

புது மோடம் சமர்த்து.
சத்தமில்லை, சூடில்லை.
நெட்டுக்குத்தாய் நிற்பதால்
சட்டியைப் பக்கத்தில்தான் வைக்க முடிந்தது.
ஞாயிற்றுக்கிழமை காலை
மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது.
ஊற்றியதெல்லாம் கல்.
ஒன்றைக் கடித்துப் பார்த்து
மீதியைச் சாம்பாரில் ஊறவைத்தபடி
இளஞ்செழியன் கேட்டான்,
"எண்பத்தொன்பதுல அடுப்பு சேத்தி இல்லையா?"

அடுத்த மாத பில். நாலாம் பக்கம்.
பதினான்கு டாலர்,
இருந்த இடம் விட்டு நகராமல்.

அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து
ரசீதை எடுத்தேன்.
எழுத்து ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது.
ஸ்பீக்கரில் போட்டு, உளுந்து களைந்து முடிக்கும்வரை
பியானோ.

பிறகு வேறொரு குரல்.
"கணக்கு யார் பேரில்?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.
"சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.
பி."