இரண்டாம் மதிப்பாய்வாளர்

கோப்புக்குப் பெயரில்லை, எண் மட்டும்.
முதல் பக்கத்தில் ஆசிரியரை வெட்டியிருந்தார்கள்.
ஊரை வெட்டி, "தெற்கு எஸ்டோனியாவில் ஒரு சதுப்பு"
என்று வைத்திருந்தார்கள்.
ஆனால் மண்ணை எப்படி வெட்டுவது?
நான்கு மீட்டர் ஆழத்தில், பாசிக்கும் பாசிக்கும் நடுவே
மயிரிழை அளவு சாம்பல்,
ஐஸ்லாந்தில் என்றோ ஒரு மலை தும்மியது.
அதைத் தேடி இந்த நாட்டில் அலைகிறவர்கள் மூன்றே பேர்.
ஒருவர் ஓய்வு பெற்றுத் தேனீ வளர்க்கிறார்.
ஒருத்தி நான்.

எனக்கு ஆளைத் தெரிகிறது என்று
பதிப்பாசிரியருக்கு எழுதினேன்.
உட்ரெக்டிலிருந்து ஒற்றை வரியில் பதில்:
"இந்தத் துறையில் யாருக்கு யாரைத் தெரியாது, விர்வே?
நியாயமாக இருக்க முடியுமென்றால் இருங்கள்."

இருந்தேன்.
மூன்றாம் அட்டவணையில்
பதினான்காம் மாதிரியும் பதினைந்தாம் மாதிரியும்
இடம் மாறிக் கிடந்தன.
ஈரத்தில் சீட்டு உரிந்திருக்கும்.
அறுநூறு வருடம் அந்த இடுக்கில் விழுந்துவிட்டது.
அதை எழுதினேன். பிறகு என்னை அழித்தேன்.
நான் எப்போதும் போடும் அரைப்புள்ளிகளை,
"சற்றே" என்ற சொல்லை,
கோப்பின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் என் பெயரை.
அவர் மேற்கோள் காட்டியே ஆகவேண்டிய ஒரு கட்டுரை உண்டு.
அது என்னுடையது.
விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை தார்த்துவில், பல்கலைக்கழக உணவகத்தில்
பட்டாணி சூப்.
எதிரில் தாவெட்.
"சதுப்பில் கால் நனைக்காத யாரோ ஓர் ஆள்
என் பத்து வருடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.
எடுத்துக்கொண்டு வேறு இதழுக்குப் போகிறேன்."

எங்கள் மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்.
அந்தச் சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டேன்.

கால் நனைக்காத ஆளாம்!
அதே சதுப்பில், தொண்ணூற்றெட்டு அக்டோபரில்,
என் இடது பூட்ஸை விட்டுவந்தேன்.
பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டது இதே தாவெட்.
வீடுவரை ஒரு காலில் அவனுடைய கையுறை.
சொல்ல முடியுமா?
திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல
ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.
பதினான்கு என்றொரு எண், பதினைந்து என்றொரு எண்
நாக்கின் நுனியில்.
அவன் கோபத்தில் மூன்றாவது வரியிலேயே
கடிதத்தை மூடியிருப்பான்.
எனக்கு அவனைத் தெரியும்.

"அறிக்கையைக் கடைசிவரை படித்தாயா?" என்றேன்.

வாயைவிட்டுப் போனபிறகுதான் உறைத்தது,
இந்தக் கேள்வியே வேலியைத் தாண்டிய அரை அடி.
அதற்கும் பிறகுதான்
இன்னொன்று உறைத்தது:
இதே மேசை, இரண்டு குளிர்காலம் முன்பு.
நான் யாரோ ஓர் ஆளைச் சபித்துக்கொண்டிருந்தேன்,
"மாதிரி எடுத்த அன்று சதுப்பு எவ்வளவு ஈரம்?
பூட்ஸ் புதையும் அளவா?" என்று
கேட்டிருந்த ஓர் ஆளை.
அன்று தாவெட் உப்பை என் பக்கம் நகர்த்தினான்.
இதையேதான் கேட்டான்.
இதே வார்த்தைகளில்.

அவன் கரண்டியை வைத்தான்.
என்னைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம்.
சூப்பின் மேல் ஆடை படிந்தது.
"இல்லை," என்றான். "படிக்கவில்லை."
நான் வெளியே நிறுத்திய சைக்கிளைப் பற்றி ஏதோ சொன்னேன்.

அன்றிரவு அவன் ஆய்வகத்தில் வெகுநேரம் விளக்கு.
பார்க்கவேண்டுமென்று அந்த வழியாகப் போகவில்லை.
போனேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது.
அச்சுப் பிரதியோடு வந்து,
கோட்டைக் கழற்றாமலே கடைசிப் பத்தியை வாசித்தான்:
பெயர் தெரியாத இரண்டாம் மதிப்பாய்வாளருக்கு
ஆசிரியரின் நன்றி.
"நல்ல ஆளாக இருக்கும்," என்றேன்.
"பிடிவாதம் பிடித்த ஆள்," என்றான்.
"கையெழுத்துப் போட்டுத் தரவா?"
"வேண்டாம். அப்படியே வை."