லண்டன்பேட்டை வீடு, உரிமையாளர் உடனிருப்பார்

விளம்பரத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்:
கிருஷ்ணகிரி லண்டன்பேட்டை, மர நிழல்,
தொண்ணூறு வருஷத்துத் தேக்கு,
கலர் கண்ணாடி ஜன்னல், சிவப்புத் தரை,
பதினோரு சென்ட். வில்லங்கம் இல்லை.

வில்லங்கம் வீட்டுக்குள் இருந்தது,
கருவூலத்தில் முப்பத்து நாலு வருஷம்
அடுத்தவர் கணக்கில் பிழை பார்த்தே ஓய்வு பெற்ற
ரெஜினா சகாயமேரி என்ற பெயரில்.

வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் தருவார்.
பிறகு சொல்வார்:
"இது கேன் தண்ணி.
கிணறு பங்குனிக்குள்ள வத்திடும்."

ஓசூரிலிருந்து ஒரு தம்பதி.
உதிரிபாகக் கம்பெனி, வெள்ளைக் கார்.
உத்தரத்தை அண்ணாந்து பார்த்து
அந்த அம்மா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.
"மூணாவதுல கரையான் இருக்கு.
தட்டிப் பாருங்க, சத்தம் வேற மாதிரி வரும்."
குடைக்கம்பியால் தட்டினார்கள்.
வேற மாதிரிதான் வந்தது.

அடுத்து ஒரு கிரானைட்காரர்.
இடித்துவிட்டு ஆறு வீடு கட்டுவாராம்.
"தாராளமா. நாலடிக்குக் கீழ பாறை.
செப்டிக் டேங்குக்கே எங்க மாமனார்
வெடி வச்சாரு."
கல்லறுத்துப் பிழைக்கிறவரையே
கல்லைக் காட்டித் துரத்திவிட்டார்.

நான் இருமினேன்.
கண்ணைக் காட்டினேன்.
எனக்கு வருவது ரெண்டு சதவீதம்,
ஸ்கூட்டருக்கு மூணு தவணை பாக்கி.
ஒருநாள் கேட்டே விட்டேன்:
"விக்கணுமா, வேணாமா மேடம்?"
"விக்கணும் முனிரத்தினம்.
தாம்பரத்துல பொண்ணுக்குத் தலைப்பிரசவம்.
ஆனா முதல் மழை ராத்திரி யாரோ ஒருத்தர்
இங்க வாளி தேடிக்கிட்டு
என் பேரைச் சொல்லக் கூடாது."

மாலை நாலரைக்கு அந்தப் பச்சைக் கண்ணாடி
கூடத்துத் தரையில் ஒரு கட்டம் போடும்.
கட்டம் மெல்ல நகர்ந்து பீரோ காலைத் தொடும்.
மாடி ஜன்னலில் சையத் பாஷா மலை.
சித்திரை வெயிலிலும் அந்தத் தரையில்
செருப்பில்லாமல் நிற்கலாம்.
ஏழு மாசத்தில் இதில் ஒன்றைக்கூட
அவர் யாரிடமும் சொன்னதில்லை.
"சரியா இருக்கிறதை
ஆடிட்ல எழுத மாட்டாங்க" என்றார்.

ஆடி ஞாயிறு ஒன்றில் ஹேமாவதி வந்தார்.
காவேரிப்பட்டினம் மாங்கூழ் ஆலையில்
தரப் பரிசோதகர். கையில் நோட்டு.
புருஷன் நஞ்சுண்டன் வேலியோரம் நின்று
போனில் கன்னடத்தில் யாருக்கோ
வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அறை அறையாக ரெண்டு பெண்கள் நடந்தார்கள்.
ஒருவர் சொல்ல ஒருவர் எழுத,
ஓட்டில் ஒழுகல் மூன்று இடம்,
சமையலறைப் புகைக்கூண்டில் தேன்கூடு,
பக்கத்து லாட்ஜின் சாக்கடை,
சொந்த மூளையோடு இயங்கும் ஒரு ஸ்விட்ச்.
பதினேழில் நின்றது.
நானும் நின்றேன், வாசலுக்குப் போகத் தயாராக.

"குளியலறைக் கதவு மழையில உப்புமே,
அதைச் சொல்லலையே?" என்றார் ஹேமாவதி.
தரையில் கதவு உரசிய அரைவட்டம்,
பல வருஷத்துக் கீறல்.
ரெஜினா மேடம் குனிந்து
விரலால் அதைத் தடவினார்.
கதவைச் சாத்தினார், திறந்தார், சாத்தினார்.
"ஆமா," என்றார். "விட்டுட்டேன்."
அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்கு விலை பேசவில்லை.
கேட் பக்கம் வந்தபோது
தூங்குமூஞ்சி மரம் இலை மடக்கத் தொடங்கியிருந்தது,
தெருமுனை மசூதியில் பாங்கு.
"இந்த மரம் பிசினா காய் கொட்டும்," என்றார் மேடம்,
"அடியில காரை நிறுத்தாதீங்க."

"எங்ககிட்ட கார் இல்லைங்க."

ஆனாலும் நோட்டைத் திறந்து,
வெளிச்சம் போதாமல் கண்ணுக்குக் கிட்டே வைத்து
ஹேமாவதி எழுதினார்:
பத்தொன்பது.