ஆறு கொப்பி

ஸ்ரான்லி வீதியில் பல்வைத்தியரின் பலகைக்குப் பக்கத்தில்
ஒரு இருட்டுப் படிக்கட்டு.
மேல்நிலையில் தலை இடிக்காமல் குனிந்து ஏறினேன்.
பாஸ்போட் அளவு, ஆறு கொப்பி, எண்ணூறு ரூபாய்.
கண்ணாடியோரம் சீப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்,
கடவுளே, அதைக்கூடக் களவெடுப்பார்களா.

"தங்கச்சி, முதுகை நிமித்தி இருங்கோ."

மரியநாயகம் அண்ணைக்குத் தெரியாது,
இந்த முதுகுக்கு மிலானில் மணித்தியாலக் கூலி இருந்தது.
அதற்கு முன் சுண்டிக்குளியில் கடைசி வாங்கு இருந்தது,
ரெலிபோன் கம்பம் என்றொரு பேர் இருந்தது.
"இந்த உயரத்துக்கு எங்க போய் மாப்பிளை எடுக்கிறது?"
அம்மா சோற்றை வடித்தபடி கேட்பா,
உயரம் நான் செய்த குழப்படி என்பதுபோல.

பாரிஸில் ஒரு சலவைக்கடை. பத்தொன்பது வயது.
ஈர உடுப்புக் கூடையோடு நின்றவளிடம்
ஒரு பெண் வந்து கேட்டாள், எவ்வளவு உயரம் நீ?
சந்தோசத்தோடு அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"நாடியைக் கொஞ்சம் கீழ. அவ்வளவு வேண்டாம்.
சிரிக்க வேண்டாம்."

அது பழகினது.
பதினாறு வருசம் நாலு மொழியில் அதைத்தான் சொன்னார்கள்.
யூலை வெயிலில் கம்பளிக் கோட்டு,
தை மாதக் கடற்கரையில் நீச்சல் உடுப்பு.
திரைக்குப் பின்னால் மூன்று பேர் என்னை உரித்தார்கள்,
மூன்று பேர் மூடினார்கள்,
நாப்பது விநாடிக்குள்.
இரண்டு அளவு சின்னச் சப்பாத்தில் நடந்தேன்,
கால் எனக்குரியதல்ல என்று நினைத்துக்கொண்டு.
அருந்தவச்செல்வி நாக்கில் நிற்கவில்லை அவர்களுக்கு,
தவா ஆனேன்.
கீழ்வீட்டில் யாரோ புட்டு அவித்த இரவுகளில்
யன்னலைப் பூட்டிவிட்டு
அப்பிளில் பாதி.

"கண்ணை மூடிப்போட்டியள். திரும்ப எடுப்பம்.
படமெடுத்துப் பழக்கமில்லைப் போல?"

இல்லை அண்ணை என்றேன்.
ஏன் சொன்னேனோ. நல்லாயிருந்தது.

கணினியில் என் முகத்தை இழுத்துப் போட்டார்.
"கொஞ்சம் வெள்ளையாக்கட்டோ? எல்லாரும் கேக்கிறவை."
அங்கே கேட்கவில்லை, பூசினார்கள்.
எண்ணெயும் செப்புத் தூளும் குழைத்து,
இன்னும் கறுப்பு, இன்னும், பாலைவனம் மாதிரி என்று.
பாலைவனத்தை நான் விமானத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.
வேண்டாம் அண்ணை, இருக்கிறபடி விடுங்கோ.

"அப்ப இந்தத் தழும்பு?"
புருவத்துக்கு மேலே. பதின்மூன்று வயதில்
குசினி வாசல் நிலை இடித்தது. திடீரென்று வளர்ந்திருந்தேன்.
எந்தச் சஞ்சிகையிலும் அது வந்ததில்லை,
யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் துடைத்திருக்கிறார்.
அவருடைய சுட்டி அதற்கு மேல் போய் நின்றது.
"ஓ, கவுண்மேந்து அலுவல் எல்லே. எடுக்கக் கூடாது."

பிரதேச செயலகத்தில் புனிதகலா மிஸ் கேட்டா:
"தொழில்?"
மொடலிங்.
"அப்பிடியெண்டா?"
உடுப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறது.
"உடுப்போடதானே பிள்ளை எல்லாரும் நடக்கினம்."
வரிசையில் பின்னுக்கு நின்றவர் இருமினார், சிரிப்பை மறைக்க.
"இப்பவும் செய்யிறியளோ?"
முப்பத்தைந்து எனக்கு. இல்லை என்றேன்.

தொழிலுக்கு நேரே ஒரு கோடு கீறினா.
அடிமட்டம் வைக்காமலே நல்ல நேர்.
அதன் நுனிவரை போய், இடுப்பில் கை வைத்து,
ஒருதரம் திரும்பலாம் போல இருந்தது.

இரண்டு கொப்பி போனது, மிச்சம் நாலு.

அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனேன், மீன் வாங்க.
படிக்கட்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள்
முதல்நன்மை எடுத்த ஒரு பொடியனுக்கும்
கோட்டுப் போட்ட மாப்பிளைக்கும் நடுவில்
நான், பெரிதாக்கி.
ஒப்பந்தம் இல்லை. ஒரு சொல் கேட்கவும் இல்லை.
என் பழைய முகவர் கண்டால் வழக்குப் போட்டிருப்பாள்.
ஏறிப்போய்ச் சண்டை பிடிக்கத்தான் நினைத்தேன்.
கையில் விளைமீன் சொட்டிக்கொண்டிருந்தது.
தழும்பு இருக்கிறதா என்று மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இருந்தது.